றத்மலானை வேலியோரத்து நிழற்படங்கள்

1935ஆம் ஆண்டு நவம்பர் 27ஆந் திகதி, சென்னை விமானக் கழகத்தின் பிரதம பயிற்றாசிரியரான டின்டேல் பிஸ்கோ என்பார் ‘புஸ் மொத்’ என்னும் சிறு விமானமொன்றைச் செலுத்திவந்து றத்மலானையில் இறக்கினார். அத்தளத்தில் இறங்கிய முதல் விமானம் அதுவே. அதற்கும் முன்னர், 1912 டிசெம்பரில், பிரெஞ்சுக்காரரான மார்க் பூர்ப்பும் வெர்மிங்கும் கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலில் விமானமேறிப் பறந்து காட்டியிருந்தனர். இராவணேசுவரனுடைய புட்பக விமானத்தைப் பற்றி மேடைதோறும் முழங்கும் நம்மவருள் இவற்றை அறிந்தவர் எத்தனை பேர்? புட்பகத்தை யான் குறைத்துக் கூறவில்லை. ஆயின் அதற்குப் படமில்லை. இவற்றிற்குப் படமுண்டு.

அப்படங்களை எடுத்தோர் யாவர்? அரசாங்கமும் பத்திரிகைகளும் எடுத்தவை சில. அவை பெரும்பாலும் மந்திரிமார் மாலையணிந்து நிற்பவை. விமானத்தின் வால் கூட அவற்றில் முழுமையாய்த் தெரியாது. விமானத்தையே விமானத்துக்காகப் படம் பிடித்தவர்கள் வேறு. ஞாயிற்றுக்கிழமைகளிற் பெட்டிக் கமராவுடன் விமானத்தள வேலியோரத்திற் காத்து நின்ற ஆர்வலர்களே அவர்கள். 1938இல் டாட்டா நிறுவனத்தின் தபால் விமானம் கராச்சியிலிருந்து பம்பாய், சென்னை, திருச்சி வழியாகக் கொழும்பு வரத் தொடங்கிற்று. 1947 டிசெம்பர் 10ஆந் திகதி எயர் சிலோன் கம்பனியின் ‘சீதாதேவி’ என்னும் டக்கோட்டா விமானம் றத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குப் பறந்தது. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியாற் சில மைல் தெற்கே போனால் றத்மலானை வந்துவிடும். விமானப் பித்துக் கொண்ட வாலிபனுக்கு அது பெருந்தூரமன்று.

இத்தகைய படம் ஒன்றில் வரலாற்று மாணவன் காணக்கூடியவை பல. விமானத்தின் பக்கத்தில் எழுதப்பட்ட பதிவெழுத்துக்கள் அவற்றுள் முதன்மையானவை. இலங்கை விமானங்கள் ஒருகாலத்தில் ‘வீ.பீ.–சீ’ என்ற எழுத்துக்களைத் தாங்கின, பின்னர் ‘சீ.வை’ வந்தது, அதன்பின் ‘4 ஆர்’ வந்து இன்றும் நிலைத்திருக்கிறது. ஆகவே, திகதியற்ற படமாயினும் அவ்வெழுத்துக்களைக் கொண்டே காலத்தை நெருங்கிவிடலாம். விமானத்துக்குப் பின்னால் நிற்கும் கொட்டகை, எண்ணெய் வண்டி, படியில் இறங்கும் பெண்ணின் சேலைக்கட்டு, வேட்டி சால்வையுடன் வழியனுப்ப வந்த முதியவர் ஆகிய இவையெல்லாம் படமெடுத்தவர் கருதாமலே படத்துள் புகுந்துவிட்டவை. சமூக வரலாற்றை எழுதுவோனுக்கு விமானத்தினும் இவையே பெரிது. 1979இல் எயர் லங்கா தோன்றியபோது எயர் சிலோன் பழங்கதையாகிவிட்டது. அக்கம்பனியின் நாளாந்த வாழ்வைக் கண்ணாற் காண விரும்புவோன் இவ்வார்வலர்களையே நாடவேண்டும்.

ஆயின் அவர்தம் பெட்டிகளுக்கு நேர்ந்ததென்ன? 1981இல் யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் எரிந்ததை யாவரும் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகள் எரிந்தபோது அவ்வீடுகளின் அலுமாரிகளில் இருந்த அல்பங்களை எவரும் எண்ணிக் கணக்கிடவில்லை. நூலுக்கு வேறிடத்திற் பிரதி கிடைக்கலாம். நெகட்டிவ் எரிந்தால் எரிந்ததுதான். அதன் பின்னர் வந்த போர்க்காலத்திலோ விமானத்தளத்தருகே கமராவைத் தூக்குவதே ஆபத்தாயிற்று. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றபின், பலாலிக்கும் றத்மலானைக்குமிடையே எத்தனையோ குடும்பங்கள் பறந்தன. 1998 செப்டெம்பர் 29ஆந் திகதி பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் எயர் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து 55 பேர் மாண்டனர். நம் இனத்தவர் ஆகாய மார்க்கத்தையே பெரிதும் நம்பியிருந்த காலத்துக்குத்தான் படங்கள் மிகக் குறைவு. ஆதலால் அதற்கு முந்திய காலத்தனவாய் எஞ்சியிருப்பவற்றின் பெறுமதி இரட்டிக்கின்றது.

இன்று தீ வைப்பார் இல்லை. ஆனால் வெள்ளவத்தையில் பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்புகையில், தாத்தாவின் தகரப்பெட்டி போத்தல் பேப்பர் வாங்குபவரின் சாக்கினுட் போய்விடுகிறது. தப்பியதையும் கொழும்பின் கடற்காற்று விட்டுவைப்பதில்லை. அசிற்றேற்று என்னும் பொருளாலான பிலிம், வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து அசற்றிக்கமிலத்தை வெளிவிடும். பெட்டியைத் திறந்ததும் வினாகிரி மணம் வீசுமாயின் நோய் தொடங்கிவிட்டதென்று பொருள். பிலிம் சுருங்கி நெளியும். அதன் ஆவி பக்கத்திலிருக்கும் பிலிமையும் கெடுக்கும். ஆகவே நோயுற்றதை உடனே பிரித்து வைத்தல் வேண்டும். 1935 முதல் 2009 வரை விற்பனையிலிருந்த கோடாக்குறோம் வில்லைகள் மட்டும், இருளில் வைத்திருந்தால், பல தசாப்தங்கள் நிறம் மாறா. 

மேல்நாட்டார் இதில் நம்மினும் விழிப்புடையோர் என்று சொல்லிவிடுவது எளிது. அவர்களும் அடிபட்டே கற்றனர். அமெரிக்காவின் சான் டியேகோ நகர விமான நூதனசாலை 1978 பெப்ருவரியில் தீக்கிரையாகி, விமானங்களோடு ஆவணங்களும் அழிந்தன. அதன்பின் பலர் தத்தம் சேகரிப்புக்களை வழங்க, அந்நூதனசாலை மீண்டும் எழுந்தது. பிற்காலத்தில் இலட்சக்கணக்கான படங்களை இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்குமாறு வைத்தது. எரிந்த நூல்நிலையமொன்றை நெஞ்சிற் சுமக்கும் நமக்கு இது அந்நியமான கதையன்று.

இங்கும் வழி இல்லாமலில்லை. றத்மலானையில் 1993இல் தொடங்கி 2009இல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட விமானப்படை நூதனசாலை பழைய விமானங்களைக் காத்து வருகிறது. 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவிற் சேர்த்து வருகிறது. எனினும் பெட்டியை வீட்டிலிருந்து எடுத்துச் செல்ல ஒருவர் வேண்டும். அவ்வேலையை நம்போன்ற வாலிபர் சங்கங்கள் ஒரு விடுமுறைக் காலத்திலேயே தொடங்கிவிடலாம் என்பது என் எண்ணம்.

கைத்தொலைபேசியாற் படத்தைப் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பிவிட்டால் காத்தாயிற்று என்று பலர் நினைக்கின்றனர். அஃது அனுப்ப அனுப்பத் தேய்ந்து, எடுத்தவர் பெயரும் இழந்து, அநாதையாய் அலையும். நல்ல பிரதி எடுத்தபின்னும் மூலப் படத்தையும் நெகட்டிவையும் எறிதல் ஆகாது. அல்பத்தின் ஒழுங்கைக் குலைத்தலும் ஆகாது; ஆர்வலர் பதிவெழுத்துக்களைக் குறித்து வைத்த கொப்பி அருகிற் கிடந்தால் அதையும் உடன் சேர்த்தல் வேண்டும். படத்தின் பின்புறத்தில் பேனாவால் எழுதாது மெல்லிய பென்சிலால், யார், எங்கே, எப்போது என்று குறிக்கலாம். அதைச் சொல்லக்கூடிய பாட்டனாருக்கோ பெரியம்மாவுக்கோ இப்போது எண்பது வயதைக் கடந்திருக்கும். காலையில் தேநீர் குடித்தபின் அவர்கள் நினைவு தெளிவாயிருக்கும் வேளையிற் போய் உட்காருதல் நன்று.