நிழலுக்குப் பெயர் எழுதி வைப்பவர்கள்

ஆளின் ஓரத்தை மட்டும் காட்டும் கறுப்புப் படத்தை 'சில்ஹவுட்' என்கிறோமே, அந்தப் பெயர் ஒரு நிதியமைச்சரால் வந்தது என்றால் நம்புவீர்களா? எத்தியென் த சில்ஹவுட் 1759-ல் பிரான்சின் கஜானாவைப் பார்த்தவர். மகா சிக்கனம். சில மாதங்களிலேயே பதவி போனது. மலிவான எல்லாவற்றுக்கும் அவர் பெயரைச் சொல்லிக் கேலி செய்தார்கள். ஓவியருக்குக் காசு கொடுக்க முடியாதவர்கள் வெட்டி வாங்கிய காகித நிழலுக்கும் அது ஒட்டிக்கொண்டதாம். பி.காம். படித்து வங்கியில் குப்பை கொட்டுபவனுக்கு மேலே படிக்க இது போதாதா!

19ஆம் நூற்றாண்டில் அகஸ்தே எடுவார் என்ற பிரெஞ்சுக்காரர் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆயிரக்கணக்கில் நிழலுருவம் வெட்டினார். ஒவ்வொன்றிலும் ஒரு காப்பி தன்னிடம் வைத்து, பெயர், ஊர், தேதி எழுதினார். 1849-ல் கப்பல் விபத்தில் அந்த ஆல்பங்களில் பெரும்பகுதி போய்விட்டது. நிழலுக்கு முகம் கிடையாது. எழுதிய பெயர் போனால் ஆளும் போச்சு.

நம் பக்கத்திலும் நிழல் உண்டு. பாலக்காடு வட்டாரத்துப் பகவதி கோயில்களில் நடக்கும் தோல்பாவைக்கூத்து. 42 அடி நீளத் திரை, பின்னால் 21 தேங்காய் மூடி விளக்குகள், மான் தோலில் துளைபோட்டு வெட்டிய பாவைகள். ஆட்டுவிக்கும் புலவர்கள் வீட்டில் பேசுவது மலையாளம். கூத்தில் பாடுவதோ கம்பராமாயணம்!

கம்பருக்கு அங்கே என்ன வேலை என்று நான் பிறந்த ஆரியசாலையில் யாரும் கேட்கமாட்டார்கள். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் வருவார்கள். முருகன் தங்குவது எங்கள் ஆரியசாலை தேவி கோயிலில். அந்தச் சரஸ்வதி கம்பர் பூஜித்த விக்கிரகம் என்பது ஐதீகம். 1956-ல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்து நடுவில் எல்லைக்கோடு விழுந்தது. சாமிகள் வருவது நிற்கவில்லை.

சரி, திரையில் சூர்ப்பணகை நிழலைப் பாருங்கள். தெரியாதவருக்கு அது ஒரு பெண்ணின் வடிவம், அவ்வளவுதான். ராமாயணம் தெரிந்தவர் மூக்கறுபட்ட அரக்கி என்பார். கம்பரைப் படித்தவருக்கு, அழகி வேடம் போட்டு ராமனிடம் வந்தவள். கூத்துப் புலவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள். தவம் செய்துகொண்டிருந்த அவள் மகன் சம்புகுமாரன் லட்சுமணன் கையால் இறந்துபோகிறான். இது கம்பரில் இல்லை. விமலசூரியின் ஜைன ராமாயணத்தில் இதே மாதிரிக் கதை உண்டு. இதைக் கேட்டபின் பார்த்தால் திரையில் நிற்பது பிள்ளையைப் பறிகொடுத்த தாய். தோல் அதேதான். மாறியது சொல் மட்டும்.

ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இந்தக் கூத்தை இரவிரவாக உட்கார்ந்து கேட்டு 1996-ல் புத்தகமாக்கினார். பெரும்பாலான இரவுகளில் திரைக்கு முன்னால் மனிதர்களே இல்லையாம். தாருகனோடு போரில் இருந்ததால் ராம-ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாத பத்ரகாளிக்காகவே இந்தக் கூத்து என்பது நம்பிக்கை. அதனால் ஆள் இல்லாவிட்டாலும் விடிய விடியப் பாட்டும் விளக்கமும் நடக்கும். 2021-ல் ராமச்சந்திர புலவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பாவைகளை மியூசியத்தில் வைத்துக் காப்பாற்றலாம். பாட்டைக் காப்பாற்ற அதைப் பாடத் தெரிந்த வாய் வேண்டும்.

வளைகுடாவில் உட்கார்ந்துகொண்டு இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டவே வராது. தோல்பாவைப் படம் எதிலாவது கண்ணில் பட்டால், "ஷேடோ பப்பெட்" என்று சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். இவள் பெயர் சூர்ப்பணகை, இவளுக்கு ஒரு மகன் இருந்தான் என்று ஆரம்பியுங்கள். தமிழிலேயே.