சந்தில் அடைத்த முள்

காங்கயம் பக்கம் எங்கள் அப்புச்சியின் மேய்ச்சல் நிலமான கொரங்காட்டைச் சுற்றிக் கிளுவை வேலி. ஆடு முட்டியோ மழையில் சாய்ந்தோ எங்காவது சந்து விழுந்தால், புதுக் கிளுவைப் போத்து வெட்டி வந்து ஊன்றுவார். அது வேர்விட்டுத் தழைக்கும்வரை வெள்வேல முள்ளைக் கொண்டுவந்து அந்தச் சந்தில் அடைத்து வைப்பார். கிளுவை தழைத்ததும் முதல் வேலையாக முள்ளை இழுத்து வெளியே போடுவார். "இருந்துட்டுப் போகட்டுங் அப்புச்சி" என்பேன். "முள்ளுக்கடியில பாம்பு அடையும் கண்ணு. தளிரும் மேல வராது."

கோவையில் வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்க ஆரம்பித்து இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் ஆகிறது. இப்போது அதிகம் கேட்கப்படும் கேள்வி, "இத்தனை பாதுகாப்பு போட்டு வெச்சிருக்கறோம், இதுல எதை வெச்சுக்கறது, எதை எடுக்கறது?" என்பதுதான். கேட்கும்போதெல்லாம் அப்புச்சியின் முள் ஞாபகத்துக்கு வரும்.

போன மாதம் வடவள்ளியில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வீடு. சுவிட்சைப் போட்டு ஏழு நிமிடம் கழித்துத்தான் திரை வந்தது. காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் இரண்டு, தனியாக ஒரு ஃபயர்வால், பென் டிரைவுக்கு ஒரு 'வாக்சின்', வருடச் சந்தாவில் ஒரு வி.பி.என். "எல்லாம் பாதுகாப்புக்குத்தானுங் தம்பி. எதை எடுத்தா எது வந்துருமோன்னு பயமா இருக்குது" என்றார். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். அதை ஊர் முழுக்க விதைத்ததில் என் தொழிலுக்கும் பங்கு உண்டு. அதனால் ஒவ்வொன்றும் எந்த வருடம், எந்தச் சந்தை அடைக்க வந்தது என்று அவருக்குச் சொல்ல ஆரம்பித்தேன்.

1998-இல் காந்திபுரத்தில் ஒரு கடையில் உதவியாளாகச் சேர்ந்தேன். அப்போது வைரஸ் வந்த வழி பெரும்பாலும் ஃபிளாப்பி. 1986-இல் லாகூரில் அண்ணன் தம்பி இருவர் எழுதிய 'பிரெய்ன்' அப்படித்தான் உலகம் சுற்றியது. மருந்தும் ஃபிளாப்பியில்தான் வரும். சென்னையில் கேசவர்தனனின் கே7, புனேயில் காட்கர் சகோதரர்களின் குவிக் ஹீல் என்று நம் நாட்டு ஆன்டிவைரஸ்களும் அந்தப் பத்தாண்டில்தான் வளர்ந்தன. ஆனாலும் பல பேர் அதை வீண் செலவாகத்தான் நினைத்தார்கள், 1999 ஏப்ரல் 26 வரைக்கும்.

அன்று திங்கட்கிழமை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே மூன்று பேர் சி.பி.யூ.வைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். சி.ஐ.எச். என்ற வைரஸ் அந்தத் தேதிக்காகக் காத்திருந்து ஹார்ட் டிஸ்கின் தொடக்கப் பகுதியை அழித்தது. சில வகை போர்டுகளில் பயாஸ் சிப்பில் இருந்ததையும் கெடுத்தது. மெஷினில் உயிரே இருக்காது. எங்கள் முதலாளி அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். அதே மாடலில் நல்ல போர்டு ஒன்றை ஓடவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் சிப்பை மெதுவாகக் கிளப்பி எடுப்பார். செத்த சிப்பை அதே சாக்கெட்டில் அழுத்தி, புதிதாக எழுதுவார். டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். சிப்பின் கால் ஒன்று வளைந்தாலும் இரண்டு போர்டும் போச்சு. மூச்சு விடவே பயமாக இருக்கும். போர்டுகள் பிழைத்தன. ஒரு நூல் கமிஷன் கடையின் கணக்கு பிழைக்கவில்லை. மார்ச் 31-இல் வருடக் கணக்கு முடித்து மூன்றரை வாரம்தான் ஆகியிருந்தது, வேறு நகலும் இல்லை. அந்தக் கடைக்காரர் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்த விதத்தை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. அதன்பிறகு ஆன்டிவைரஸ் போடாமல் எந்த மெஷினையும் நாங்கள் கடையைவிட்டு அனுப்பியதில்லை. ஒன்றுக்கு இரண்டாகப் போட்டு அனுப்பியதும் உண்டு.

2003 ஆகஸ்டில் 'பிளாஸ்டர்' வந்தது. ஃபிளாப்பியும் வேண்டாம், ஃபைலைத் திறக்கவும் வேண்டாம். டயல்-அப் போட்டுச் சில நிமிடத்தில், அறுபது நொடியில் அணைந்துவிடும் என்று திரையில் எண்ணிக்கை இறங்கும். கம்பி வழியாகத் தானே நுழைகிற புழு அது. அதைத் தடுக்க ஸோன் அலாரம் என்ற இலவச ஃபயர்வாலை சி.டி.யில் எரித்து வீடு வீடாகப் போட்டோம். ஒரு வருடத்தில், 2004 ஆகஸ்டில், விண்டோஸ் எக்ஸ்.பி.யின் சர்வீஸ் பேக் 2 தன்னுடைய ஃபயர்வாலைத் தானே இயக்கிக்கொண்டது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்தது. அதன் மோடம் ரவுட்டராக நின்ற வீடுகளில், கேட்காமல் வெளியிலிருந்து வருகிற தட்டலை அது வாசலிலேயே நிறுத்தியது. கிளுவை தழைத்துவிட்டது. ஸோன் அலாரத்தை அன்றே எடுத்திருக்க வேண்டும். நாங்கள் எடுக்கவில்லை. அந்தப் பழக்கத்தின் வாரிசுதான் வாத்தியார் வீட்டுத் தனி ஃபயர்வால்.

பென் டிரைவ் கதையும் இதேதான். திருப்பூர் டிசைனும் ஸ்டூடியோக்காரரின் கல்யாண ஆல்பமும் அதில்தான் ஊர் சுற்றின. செருகியதும் தானே ஓடுகிற ஆட்டோரன்தான் வைரஸ் நுழைகிற சந்து. 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் ஒரு அப்டேட்டில் அதை அடைத்துவிட்டது. வாக்சினுக்கு அதற்குப் பிறகு வேலை இல்லை.

2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் அதற்குள்ளேயே வந்தது. வேறொன்றைப் போட்டால் அது தானாக ஒதுங்கிக்கொள்ளும்; அதை எடுத்தால் தானாகத் திரும்பி வரும். வாத்தியாருக்கு இது பெரிய ஆறுதலாக இருந்தது. அவருடைய இரண்டு ஆன்டிவைரஸும் ஒரே ஃபைலை ஒரே நொடியில் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. ஒன்று பிடித்துச் சிறை வைத்த ஃபைலை மற்றொன்று புது வைரஸ் என்று திரும்பத் திரும்ப அறிவித்திருந்தது. ஏழு நிமிடம் போனது அங்கேதான்.

வி.பி.என். விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. ரயில் நிலைய வைஃபையில் வேலை பார்ப்பவருக்கு அது உதவும். வீட்டில், வங்கிப் பக்கமே மறைகுறியாக்கப்பட்டுத்தான் வருகிறது. வி.பி.என். போட்டால் நம் போக்குவரத்தைப் பார்க்கக்கூடிய இடம் இணைய நிறுவனத்திலிருந்து இன்னொரு கம்பெனிக்கு மாறுகிறது, அவ்வளவுதான். இந்த வீட்டில் அது ஒரு கெடுதலும் செய்திருந்தது. 2020 ஊரடங்கில் பேரப் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்காக ரவுட்டரில் 1.1.1.3 என்ற டி.என்.எஸ். போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஆபாசத் தளங்களையும் வைரஸ் பரப்பும் தளங்களையும் அது தடுக்கும். வி.பி.என். ஓடும்போது தளங்களின் முகவரி கேட்கும் கேள்விகள் ரவுட்டரைத் தாண்டி வேறு வழியில் போய்விடும். பிள்ளைகளுக்காகப் போட்ட வேலியில் பாதுகாப்பு என்று வாங்கியதே சந்து வைத்திருந்தது. இதைச் சொன்னதும் வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதை மொதல்ல எடுத்துருங் தம்பி."

ஒவ்வொன்றாக எடுத்தோம். ஒன்றை நீக்குவது, மெஷினை அணைத்துப் போடுவது, பிறகு அடுத்தது. ஆன்டிவைரஸை அதன் கம்பெனியே தருகிற நீக்கும் கருவியால் எடுப்பது நல்லது; வேர் உள்ளே தங்கிவிட்டால் டிஃபெண்டர் முழுதாக எழாமல் போகலாம். டிஃபெண்டர், விண்டோஸின் ஃபயர்வால், ரவுட்டர், அந்த டி.என்.எஸ். வடிகட்டி, இவற்றை மட்டும் வைத்தோம். திரை இப்போது ஒன்றரை நிமிடத்தில் வருகிறது. அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்தார், அதை ஓடவிட்டேன். 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற புழு உலகத்தையே உலுக்கியபோது, அதற்கான அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. அதை ஓடவிட்டவர்களின் விண்டோஸில் அந்த ஓட்டை அடைபட்டிருந்தது.

பிறகுதான் கேட்டில் இருந்த கேமராவைப் பார்த்தேன். பெட்டியில் வந்த பாஸ்வேர்டே இருந்தது. 2016-இல் 'மிராய்' என்ற புழு இப்படிப்பட்ட கேமராக்களைத்தான் லட்சக்கணக்கில் வளைத்துப் போட்டது. இவ்வளவு செலவழித்த வீட்டில், உண்மையான சந்தில் ஒரு முள்கூட இல்லை. கேமராவுக்கும் ரவுட்டருக்கும் புது பாஸ்வேர்ட் போட்டு, வாத்தியாரின் நோட்டில் அவர் கையாலேயே எழுதச் சொன்னேன்.

ஒன்று மிச்சம் இருந்தது. அவருடையது விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-உடன் அதற்கு ஆதரவு முடிந்துவிட்டது. 11-ஐ அந்த மெஷின் ஏற்காது. வேலியே பட்டுப்போகிற நிலை. மைக்ரோசாஃப்ட் தருகிற நீட்டிப்பில் பதிந்து கொடுத்தேன், 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும்.

"அப்ப இது முள்ளுங்களா, கிளுவைங்களா?" என்று கேட்டார்.

"முள்ளுதானுங்."

சுவரில் மாட்டியிருந்த தினக்காலண்டர் அட்டையின் ஓரத்தில் அந்தத் தேதியை எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார்.