மீதி 167 மணி நேரம்

ஆச்சியைப் பார்த்துக்கொள்ள வந்த அக்கா முதல் நாள் என்னிடம் கேட்டது, "தம்பி, இவங்களுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்?" என்றுதான். நான் மாத்திரைப் பட்டியலை எக்செல்லில் போட்டு, பிரிண்ட் எடுத்து, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, போனில் அலாரம் எல்லாம் வைத்துத் தயாராக இருந்தேன். அந்தப் பட்டியலில் பாட்டுக்குக் கட்டம் இல்லை. அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஆச்சிக்கு டிமென்ஷியா. "சின்னப்புள்ள மாதிரி ஆயிட்டா" என்று தெருவில் சொல்வார்கள். கேரளக் கிராமங்களிலும் இதைச் 'சின்னன்' என்றே சொல்கிறார்கள் என்று பிறகு ஓர் ஆய்வுக் கட்டுரையில் படித்தேன். நோய் என்று சொன்னால் மருந்து தேட வேண்டும். சின்னப்புள்ள என்றால் யாராவது தூக்கிச் சுமந்தால் போதும். அந்த யாராவது எப்போதும் வீட்டில் இருக்கிற ஒரு பெண்.

அக்கா ஏஜென்சி மூலம் வந்தவர். இருபத்து நாலு மணி நேர வேலை, ஆச்சியின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய். மாதாமாதம் ஏஜென்சிக்கு ஜிபே செய்வேன். அதில் எவ்வளவு அவர் கைக்குப் போகிறது என்று ஒரு நாளும் நான் கேட்கவில்லை. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு வீடியோ காலில் ஆச்சியைப் பார்க்கும்போதெல்லாம் திரையின் ஓரத்தில் ஒரு கை மட்டும் தெரியும். தலையணையைச் சரிசெய்கிற கை.

நோயாளியின் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது என்ற பழக்கம் நம் பக்கத்தில் எப்படி வந்தது என்று தேட ஆரம்பித்ததில், கோழிக்கோட்டில் போய் நின்றேன்.

அங்கே அரசு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் மருத்துவராக இருந்தவர் எம். ஆர். ராஜகோபால். அவர் பல மேடைகளில் சொல்லியிருக்கும் சம்பவம் இது. நாக்குப் புற்றுநோயுடன் ஒரு கல்லூரிப் பேராசிரியர் வருகிறார், தாங்க முடியாத வலி. ராஜகோபால் ஊசி போட்டு நரம்பை மரக்கச் செய்கிறார். வலி போய்விட்டது. அடுத்து எப்போது வர வேண்டும் என்று அவர் கேட்க, இனி வரத் தேவையில்லை என்று பதில் கிடைக்கிறது. தன் நோய்க்குக் குணமில்லை என்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிகிறது. வீட்டுக்குப் போனவர் அன்று இரவே உயிரை மாய்த்துக்கொண்டார். மருத்துவமனைக் கணக்கில் அது வெற்றிகரமான சிகிச்சை. வீட்டில் நடந்ததை எழுதிவைக்க அந்தக் கணக்கில் இடமே இல்லை.

1993ல் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் இன்னும் சிலரும் சேர்ந்து கோழிக்கோட்டில் 'பெயின் அண்ட் பாலியேட்டிவ் கேர் சொசைட்டி'யைத் தொடங்கினார்கள். இந்தியாவின் முதல் ஹாஸ்பைஸான சாந்தி ஆவேத்னா 1986லேயே மும்பையில் வந்துவிட்டது. அது பல நோயாளிகளை ஓர் இடத்துக்குக் கொண்டுவரும் முறை. கோழிக்கோட்டுக்காரர்கள் படுக்கைகளைக் கூட்டுவதற்குப் பதில் வீடுகளுக்குக் கிளம்பினார்கள். கிளம்பும்போது பையில் முக்கியமாக இருக்க வேண்டியது மார்ஃபின். சிக்கலே அதுதான்.

1985ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. கடத்தலைப் பிடிக்க விரித்த வலையில் மருந்தும் மாட்டிக்கொண்டது. ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்கி வைக்க வெவ்வேறு துறைகளிடம் நாலைந்து உரிமங்கள் வேண்டும், எல்லாமே ஒரே நேரத்தில் காலாவதி ஆகாமலும் இருக்க வேண்டும். (டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும். ஐந்து சர்வரும் ஒரே நொடியில் ஓகே சொல்லணும். ஒண்ணு தூங்கிட்டா முடிஞ்சது.) தவறு நடந்தால் குறைந்தபட்சம் 10 வருடக் கடுங்காவல். மருந்துக்கடைக்காரர்கள் எதற்கு வம்பு என்று ஸ்டாக் வைப்பதை விட்டார்கள். பன்னிரண்டு வருடங்களில் பயன்பாடு 90 சதவீதத்துக்கும் மேல் விழுந்தது. 1997ல் மொத்த இந்தியாவும் பயன்படுத்திய மருத்துவ மார்ஃபின் வெறும் 18 கிலோ. மருந்துக்கான அபினியைச் சட்டப்படி விளைவித்து ஏற்றுமதி செய்கிற நாடு இது. நம் வயலில் விளைந்தது வேறு எங்கோ யார் வலியையோ தணித்தது.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் மகன் திருடி விற்பான், பேரன் அடிமையாவான் என்பது அதிகாரிகளின் பயம். இதற்குக் கோழிக்கோட்டிலிருந்து போன பதில் 2001ல் லான்செட் இதழில் வந்தது. இரண்டு வருடங்களில் 1,723 நோயாளிகள் வீட்டிலேயே வாய்வழி மார்ஃபின் எடுத்திருக்கிறார்கள். முறைகேடாகவோ திருட்டாகவோ ஒன்றுகூடக் கண்டுபிடிக்கப்படவில்லை. அந்த மாத்திரைகளைப் பூட்டி வைத்து, எண்ணி, நேரம் பார்த்துக் கொடுத்தவர்கள் யார்? மனைவிகள், மருமகள்கள், மகள்கள். அரசாங்கம் நம்பத் தயங்கியது இவர்களைத்தான். சட்டம் ஒருவழியாகத் தளர்ந்தது 2014ல்.

இதற்கிடையில் மலப்புரம் பக்கம் இன்னொன்று நடந்தது. 2000களின் தொடக்கத்தில், டாக்டர் மட்டும் வந்து ஆகிற காரியமில்லை என்று ஊர்க்காரர்களையே சேர்த்துக்கொண்டார்கள். ஆசிரியர்கள், ஆட்டோக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள் பயிற்சி எடுத்துக்கொண்டு வாரம் சில மணி நேரம் தந்தார்கள். நர்ஸ் புண்ணைக் கழுவுவார், தன்னார்வலர் அந்த வீட்டில் அரிசி இருக்கிறதா என்று பார்ப்பார். 2008ல் கேரள அரசு இதைக் கொள்கையாகவே அறிவித்தது, பஞ்சாயத்துகள் ஏற்று நடத்தின. நம் ஊரில் 2021ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் வலி தணிப்பு சிகிச்சை உண்டு. படிக்கப் படிக்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் ஒரு கணக்கு இடித்துக்கொண்டே இருந்தது. வாரத்துக்கு 168 மணி நேரம். வண்டி வந்து, குழு இறங்கி, பேசி, மருந்து கொடுத்துக் கிளம்ப ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம். மீதி 167?

இந்தக் கேள்வியை நேராகக் கேட்டது புற்றுநோய்க்காரர்களைவிட டிமென்ஷியா ஆய்வாளர்கள்தான் என்பது என் எண்ணம். டிமென்ஷியாவில் வலிக்கு மார்ஃபின் மாதிரி ஒரு மருந்து கிடையாது, ஆள்தான் மருந்து. 1998ல் கொச்சியில் நடந்த மாநாட்டில் '10/66' என்ற ஆய்வுக் குழு உருவானது. டிமென்ஷியா நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றி இல்லை என்பதால் அந்தப் பெயர். சென்னையிலும் அவர்கள் வீடு வீடாகப் போய் ஆய்வு செய்தார்கள்.

கோவாவில் நடந்த ஓர் ஆய்வு, 2008ல் வெளியானது, எனக்கு மிகவும் பிடித்தது. 81 குடும்பங்கள். டாக்டரோ நர்ஸோ அல்லாத உள்ளூர் ஆட்களுக்குக் கொஞ்சம் பயிற்சி கொடுத்து, ஆறு மாதம் அந்த வீடுகளுக்கு அனுப்பினார்கள். நோய் என்ன என்று விளக்குவது, கோபப்பட்டால் என்ன செய்வது, யாரிடம் உதவி கேட்பது, இவ்வளவுதான் வேலை. முடிவில் நோயாளிகளிடம் பெரிய மாற்றம் இல்லை. அவர்களைப் பார்த்துக்கொண்டவர்களின் மனநிலை தேறியிருந்தது. நான் இதைத் தோல்வி என்று சொல்ல மாட்டேன்.

கோவாவில் தேறியவர்கள் பெரும்பாலும் குடும்பத்தினர். காசு வாங்கிக்கொண்டு வந்து பாயில் படுக்கிறவர் இந்த வரலாற்றில் அபூர்வமாகத்தான் வருகிறார். வீட்டு வேலை செய்வோருக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கை, எண் 189, 2011ல் நிறைவேறியது. வீட்டில் இருந்து முதியோரைப் பார்த்துக்கொள்கிறவர்களும் அதில் அடக்கம். இந்தியா அதற்கு ஓட்டுப் போட்டது, இன்றுவரை உறுதி செய்யவில்லை. வாராந்திர ஓய்வு அதில் சொல்லப்பட்டிருக்கிறது, தொடர்ச்சியாக 24 மணி நேரம். அக்கா எங்கள் வீட்டில் இருந்த பதினொரு மாதத்தில் ஊருக்குப் போனது இரண்டு முறை. இரண்டு முறையும் "சீக்கிரம் வந்துருங்கக்கா" என்றுதான் சொன்னேன்.

ஆச்சி போன பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து சமையலறையை ஒதுக்கும்போது ஃபிரிட்ஜ் கதவில் இருந்த என் தாளைப் பிரித்தேன். பின்பக்கம் முழுக்கப் பேனா எழுத்து. அக்கா மாசாமாசம் அதைக் கழற்றி எழுதிவிட்டுத் திரும்ப ஒட்டியிருக்கிறார். கடைசி வரிகள் இப்படி இருந்தன: "1.30 எந்திரிச்சாங்க. துணி மாத்தினேன். 2.10 அம்மா எங்கன்னு கேட்டாங்க. கடைக்குப் போயிருக்காங்கன்னு சொன்னேன். 3 மணி திரும்பக் கேட்டாங்க. பாட்டு பாடினேன். 4.40 தூங்கிட்டாங்க."