'சின்ன வேலைதான் தம்பி!' - முதல் காராக ப்ராஜெக்ட் கார் செட் ஆகுமா?

ஒரு 40 நொடி ரீல்ஸ். புழுதி படிந்து, டயரில் காற்றிறங்கிக் கிடக்கும் பழைய லான்சர். அடுத்த ஷாட்டில் ஃபோம் வாஷ். அதற்கடுத்து புது பெயின்ட், அலாய் வீல். கடைசியில் ஈ.சி.ஆரில் ஒரு ஸ்லோமோஷன். பார்த்து முடித்ததும் கை தானாகவே பழைய கார் விற்கும் ஆப் பக்கம் போகிறது. அங்கேயும் ஒரு லான்சர், 'இன்ஜின் ஃபுல் கண்டிஷன், சின்ன வேலை மட்டும் இருக்கு' என்று காத்திருக்கிறது. விலை, நீங்கள் வாங்க நினைத்த வேகன்-ஆரில் பாதிகூட இல்லை. யாருக்குத்தான் ஆசை வராது?

அந்த 40 நொடிக்குள் வராமல் வெட்டப்பட்ட மாதங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். பழைய கார் வேறு, ப்ராஜெக்ட் கார் வேறு. ரிட்டயர்டு ஆசிரியர் ஒருவர் வருடம் தவறாமல் சர்வீஸ் விட்டு, ஷெட்டில் நிறுத்திவைத்த 2010 ஐ10 பழைய கார்தான். ஆனால் சாவியைத் திருப்பினால் கிளம்பும். மூன்று வருடம் மரத்தடியில் நின்று, வயரிங்கை எலி கடித்து, தரையில் துரு ஏறிய வண்டிதான் ப்ராஜெக்ட். அதன் வயது பத்தாகக்கூட இருக்கலாம். நம் சிக்கல் வயதோடு அல்ல, தேய்மானத்தோடு.

இந்த ஆசையைக் கிண்டல் செய்யவும் மனசு வரவில்லை. நம்மில் பலர் சின்ன வயதில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த கார்கள் இவை. லான்சர் திருவள்ளூரில் தயாரானது. ஃபோர்டு ஐகான் மறைமலைநகரில். 1998-ல் வந்த முதல் சான்ட்ரோ இருங்காட்டுக்கோட்டையில். தமிழ்நாட்டு மண்ணில் பிறந்த வண்டிகளை மறுபடி ஓட வைக்கணும் என்று நினைப்பது நல்ல விஷயம். ஆனால் அதை எப்போது செய்வது, யார் காசில் செய்வது என்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

கழற்றினால்தான் தெரியும்!

பழைய வண்டியை மெக்கானிக்கிடம் காட்டி "எவ்வளவு ஆகும்ணே?" என்று கேட்டுப்பாருங்கள். நேர்மையான மெக்கானிக் தொகை சொல்ல மாட்டார். "கழட்டினாத்தான் தெரியும்" என்பார். அதுதான் உண்மை. அவர் ஏமாற்றவில்லை, அவருக்கே தெரியாது.

ஒரு உதாரணம். டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது. ரேடியேட்டர் அடைப்பு என்று சுத்தம் செய்கிறீர்கள். அடைப்பு போனதும் பழைய ஓஸ் பைப் பிரஷர் தாங்காமல் கசிகிறது. ஓஸை மாற்றினால் வாட்டர் பம்ப் ஒழுகுவது தெரிகிறது. அதற்குள் வண்டி இரண்டு முறை கொதித்துவிட்டதால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. ஹெட்டை இறக்கினால் அது லேசாக வளைந்திருக்கிறது. லேத்துக்கு அனுப்ப வேண்டும். ஹெட் இறங்கியதோடு இறங்கியதாக வால்வு சீலையும் பார்த்துவிடலாம் என்கிறார் மெக்கானிக். அதுவும் நியாயம்தான். 'ரேடியேட்டர் கிளீனிங்' என்று தொடங்கியது பாதி இன்ஜின் வேலையில் வந்து நிற்கிறது. வண்டி விலை என்பது உள்ளே நுழைய எடுத்த டிக்கெட் மட்டும். ஷோ எவ்வளவு நேரம் என்று போஸ்டரில் போட்டிருக்காது.

அடுத்து துரு. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர் வண்டிகளில் இது பெரிய தலைவலி. மேலே பட்டி பார்த்து பெயின்ட் அடித்துவிட்டால் பளபளவென்று இருக்கும். அடியில் ஃப்ளோர், கதவின் கீழ் விளிம்பு, சஸ்பென்ஷன் மவுன்ட்டிங் எல்லாம் அரித்திருக்கும். இன்ஜினுக்கு மாற்று இன்ஜின்கூடக் கிடைத்துவிடும். பாடி போய்விட்டால் டிங்கரிங் பட்டறையில் குடியிருக்க வேண்டியதுதான்.

உதிரி பாகம் தேடுவது தனிக்கதை. மாருதி 800-க்கு இன்றைக்கும் சின்ன ஊர் கடையில்கூட பொருள் கிடைக்கும். அதே தைரியத்தில் ஒரு ஓப்பல் கோர்ஸாவை வாங்கினால் கஷ்டம். ஜெனரல் மோட்டார்ஸ் 2017-லேயே இந்திய விற்பனையை நிறுத்திவிட்டது. ஃபோர்டு 2021-ல் இங்கே தயாரிப்பை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. அரிதான மாடல் என்றால் ஒரு ஹெட்லைட்டுக்காகப் புதுப்பேட்டை சந்துகளில் சனிக்கிழமை முழுக்க அலைய வேண்டியிருக்கும். அப்படி அலைவதற்கும் ஓடுகிற வண்டி ஒன்று வேண்டும் பாருங்கள், அங்கேதான் ப்ராஜெக்ட் காரின் ரகசியமே இருக்கிறது. அதை வைத்துக்கொள்ள இன்னொரு வண்டி தேவை!

பட்டறைக்காரர் பக்கமும் பார்க்கணும். அவருக்கு தினசரி வருமானம் டாக்ஸி, கால்டாக்ஸி, அவசர வண்டிகளில் இருந்துதான் வருகிறது. உங்கள் லான்சர் எங்கேயும் ஓடிவிடாது என்று அவருக்குத் தெரியும். அதனால் மூலைக்குத் தள்ளப்படும். 'அடுத்த வாரம்' என்பது தீபாவளிக்குத் தீபாவளி மாறும்.

காகிதத்திலும் வயசாகும்

தனிநபர் காருக்கு ஆர்.சி 15 வருடம் செல்லும். அதன்பிறகு வண்டியை ஆர்.டி.ஓ ஆபீஸில் காட்டி, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த இந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆனது. 20 வருடம் தாண்டிய வண்டிக்கு இன்னும் அதிகம். பசுமை வரி தனி. தேதி தாண்டினால் தாமதக் கட்டணம் வேறு. வண்டி நான்கு செங்கல் மேல் நிற்கும்போது ஆர்.சி முடிந்தால், அதை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தால்தான் ஆர்.டி.ஓ முன்னால் நிறுத்தவே முடியும்.

ரீல்ஸில் வரும் மாடிஃபிகேஷன்களுக்கும் சட்டம் குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இன்ஜின் மாற்றவும், கலர் மாற்றவும் ஆர்.டி.ஓ அனுமதி வேண்டும், ஆர்.சி-யில் ஏற வேண்டும். அனுமதிக்காத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது. 

கடனும் கிடைப்பது கஷ்டம். 20 வயது காருக்குப் பெரும்பாலான வங்கிகள் கார் லோன் தராது. அதனால் பர்சனல் லோன், இல்லையென்றால் கிரெடிட் கார்டு. நிற்கும் வண்டிக்கு ஓடும் வட்டி! முதல் இரண்டு, மூன்று வருடச் சம்பளத்தில் சேர்த்த பணம் இப்படித்தான் சத்தமில்லாமல் கரைகிறது.

அப்புறம் பெட்ரோல். இப்போது பங்குகளில் பரவலாகக் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 90-களில் வந்த கார்களின் ரப்பர் ஓஸும் கேஸ்கெட்டும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஃபியூயல் லைன் ரப்பர்களை மாற்றுவதையும் உங்கள் 'சின்ன வேலை' லிஸ்ட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புது டிரைவர், பழைய பிரேக்

எனக்கு இதெல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது வேறு. முதல் கார் வாங்குகிறவர் பெரும்பாலும் புது டிரைவர். திடீரென்று மாடு குறுக்கே வந்தால் பதறி பிரேக்கை முழுசாக மிதிப்பார். ஏ.பி.எஸ் இருந்தால் வீல் லாக் ஆகாமல் ஸ்டீயரிங்கைத் திருப்பித் தப்பிக்கலாம். இல்லாத வண்டி மழையில் நேராகச் சறுக்கும். 2019 ஏப்ரல் முதல் இங்கே விற்கும் புது கார்களில் ஏ.பி.எஸ் கட்டாயம். அதே வருடம் ஜூலை முதல் டிரைவர் ஏர்பேக்கும் கட்டாயம். பட்ஜெட் இடம் கொடுத்தால் இந்தத் தேதிக்குப் பிந்தைய வண்டியாகப் பாருங்கள். முடியாவிட்டால், அதற்கு முந்தைய வண்டிகளில் இவை இரண்டும் உள்ள டாப் வேரியன்ட்டைத் தேடுங்கள். சன்ரூஃபுக்குக் கொடுக்கும் காசை இதற்குக் கொடுக்கலாம்.

இன்னொன்று, கார் வீட்டுக்கு வந்துவிட்டால் அது உங்கள் கார் மட்டும் அல்ல. ராத்திரி 2 மணிக்கு அப்பாவுக்கு நெஞ்சு வலி என்றால் 'கார்தான் இருக்கே' என்று எல்லோரும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அப்போது செல்ஃப் எடுக்காமல் 'கிர்ர்... கிர்ர்' என்று இழுக்கும் வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அப்போ எதை வாங்கலாம்?

போரடிக்கும் கார்! தெருவுக்கு நான்கு நிற்கிற, எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டுகிற கார். வேகன்-ஆர், ஆல்ட்டோ கே10, பெட்ரோல் ஸ்விஃப்ட், கிராண்ட் ஐ10, கொஞ்சம் பெரிதாக வேண்டுமென்றால் எட்டியோஸ், அமேஸ் பெட்ரோல். தினம் நீண்ட தூரம் ஓட்டாதவருக்கு செகண்ட் ஹேண்டு டீசல் வேண்டாம் என்பது என் கட்சி. இன்ஜெக்டர், டர்போ என்று ஒரு பாகம் போனாலே, டீசலில் மிச்சம் பிடித்த காசு மொத்தமும் போய்விடும். டெல்லி பதிவெண் டீசல் கார் மலிவாக வருகிறதா? அங்கே 10 வருடம் தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தடை விதிக்கப்பட்டதால் இங்கே தள்ளிவிடப்பட்டதாக இருக்கலாம். என்.ஓ.சி வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, சாலை வரியும் கட்டிய பிறகு எவ்வளவு மலிவு என்று கணக்குப் போடுங்கள்.

கையில் மூன்று லட்சம் இருந்தால் மூன்று லட்சத்துக்கும் கார் பார்க்காதீர்கள். இரண்டரை லட்சத்துக்குப் பாருங்கள். மிச்சம் 50,000 ரூபாய் பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ், டயர், பேட்டரி, முதல் சர்வீஸுக்கு. நல்ல கண்டிஷன் வண்டிக்கும் இது தேவைப்படும்.

வண்டி பார்க்கப் போகும் நாளில்...

காலையில், வெளிச்சத்தில் போங்கள். "நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், எதையோ மறைக்க முன்கூட்டியே ஓடவிட்டிருக்கலாம். ஸ்டார்ட் ஆனதும் சைலன்ஸரைப் பாருங்கள். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. காலைப் பனியில் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வருவது சகஜம். சூடான பிறகும் விடாமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது என்று சந்தேகப்படலாம். ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் பால் கலந்த காபி நிறத்தில் பசை ஒட்டியிருக்கிறதா? அங்கேயே கும்பிடு போட்டுவிடுங்கள்.

ஓடோமீட்டரை நம்பவே வேண்டாம், குறைப்பது சுலபம். 40,000 கி.மீ காட்டும் வண்டியில் கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஸ்டீயரிங் தோல் உரிந்திருந்தால் ஏதோ இடிக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் விட்ட வண்டி என்றால் பழைய பில்களையும் சர்வீஸ் ரெக்கார்டையும் கேளுங்கள். எத்தனை ஓனர் என்பதைவிட இது முக்கியம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பருக்கு வயதாகியிருக்கும்.

சென்னை வண்டி என்றால் வெள்ளத்தில் நின்றதா என்று பாருங்கள். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் இரண்டையும் நாம் மறந்தாலும் வண்டி மறக்காது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் சேற்றுக் கறை தெரியும். சீட்டுக்குக் கீழே உள்ள ரெயிலில் துரு, கார்ப்பெட்டைத் தூக்கினால் மக்கிய வாடை, இவையெல்லாம் கேட்காமலே கதை சொல்லும். கூடவே உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீணாகாது. விற்பவர் கூட்டிவரும் மெக்கானிக் கணக்கில் சேராது!

"எனக்கு பைக் இருக்கே ப்ரோ..."

நியாயமான கேள்வி. ஆபீஸுக்கு பைக், வீட்டில் ஏற்கெனவே ஓடுகிற கார், நிழலில் நிறுத்த இடம், திரும்பி வராது என்று ஒதுக்கிவைத்த பணம், முடிக்கத் தேதி வைக்காத பொறுமை. இத்தனையும் இருந்தால் தாராளமாக கான்டெஸ்ஸாவையே வாங்குங்கள். ஆனால் அது பொழுதுபோக்கு, போக்குவரத்து அல்ல என்று வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இல்லாதவர்கள் கைப்பழக்கத்தை ஓடுகிற காரில் தொடங்கலாம். ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், வைப்பர் பிளேடு, அப்புறம் ஆயில். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று. திங்கள் காலை வண்டி வேலைக்குக் கிளம்பியாக வேண்டும் என்ற பயத்தோடு கற்றுக்கொண்டால் கவனம் தானாக வரும். பழைய கார்களை ஆசை தீரப் பார்க்க வேண்டுமென்றால் கோவை அவிநாசி சாலையில் ஜி.டி கார் மியூசியம் இருக்கிறது.

கடைசியாக, விலை பேசி முடித்த பிறகு செய்ய வேண்டியது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டு ஆர்.சி, இன்ஷூரன்ஸ் தேதிகளையும், நிலுவையில் இருக்கும் சலான்களையும் பாருங்கள். கடன் அடைத்திருந்தும் ஆர்.சி-யில் வங்கியின் பெயர் இருந்தால், ஃபார்ம் 35-ம் வங்கியின் என்.ஓ.சி-யும் வேண்டும். பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30. இன்ஷூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற, வாங்கிய 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பழைய ஓனரின் நோ க்ளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், காரோடு வராது. அதனால் பிரீமியத்தில் அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். 'ஓப்பன் ஆர்.சி-யா வெச்சுக்கங்க, அப்புறம் மாத்திக்கலாம்' என்று யார் சொன்னாலும் சாவியை வாங்காதீர்கள்.