காடும் குளமும் கல்கத்தாவும்

நகரைப் பாடுதல் நம் புலவர்க்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வச் சிறப்பைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், கரிகாலன் காட்டை அழித்து நாடாக்கியதைப் பட்டினப்பாலையில் போற்றுகிறார். அதனோடு அவன் குளம் அமைத்து வளம் பெருக்கியதையும் சேர்த்தே போற்றுகிறார். மண்ணிடமிருந்து பெற்றதையும் மண்ணுக்குத் திருப்பித் தந்ததையும் ஒருங்கே கண்ட பார்வை அது. அதனையே அளவுகோலாகக் கொண்டு, இன்று கொல்கத்தா எனப்படும் கல்கத்தாவின் வரலாற்றை நோக்குவோம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் தலைநகராய் விளங்கிய அந்நகர், ஹூக்ளியின் இரு கரைகளிலும் சணல் ஆலைகள் எழ எழ விரிந்தது. அங்கு 1861இல் பிறந்த இரவீந்திரநாத் தாகூர், 1896இல் வெளிவந்த 'சைதாலி' தொகுதியில் நாகரிகத்தை விளித்து ஒரு கவிதை யாத்தார். நகரை எடுத்துக்கொண்டு காட்டைத் திருப்பித் தருமாறு அதில் வேண்டினார். வேண்டுகோளோடு அவர் அமைந்துவிடவில்லை. 1928இல் சாந்திநிகேதனில் மரநடு விழாவையும், ஸ்ரீநிகேதனில் ஏர் விழாவையும் தொடங்கிவைத்தார். ஏர் விழாவை நந்தலால் போஸ் ஸ்ரீநிகேதனில் சுவரோவியமாகத் தீட்டினார். இவ்வாறு பாட்டும் ஓவியமும் மண்ணுக்குத் திருப்பித் தரும் பணியில் இணைந்தன.

கல்கத்தாவோ வேறு வழியில் வளர்ந்தது. 1947ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பின் மக்கள் வெள்ளம் பெருகிற்று. 1960களில் கிழக்கேயிருந்த உப்பு ஏரிப் பகுதி ஹூக்ளியின் வண்டலால் தூர்க்கப்பட்டு, பிதான்நகர் எழுந்தது. பெருகிய மக்களுக்கு வீடு வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் அந்நீர்ப்பரப்பு பயனற்ற நிலமன்று. நகரின் கழிவுநீர் அப்பகுதியின் ஆழமற்ற குளங்களில் வெயிலாலும் பாசியாலும் தூய்மையுற்று, மீனாகவும் காய்கறியாகவும் நகருக்கே மீண்டது. குளம் தோண்டிய மன்னனைப் பாடிய நாட்டில், குளம் தூர்ப்பது வளர்ச்சியாயிற்று.

எஞ்சிய நீர்நிலங்களின் பயனைச் சூழலியல் அறிஞர் துருபஜோதி கோஷ் ஆய்ந்து உலகுக்கு உணர்த்தினார். 1992இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் அவற்றின் அழிவுக்குத் தடை விதித்தது. 2002இல் 12,500 ஹெக்டேர் பரப்பு ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. சென்னையின் பள்ளிக்கரணையும் 2022இல் அப்பட்டியலிற் சேர்ந்தது.

சட்டம் காப்பது எஞ்சியதை மட்டுமே. தூர்ந்துபோன ஏரி தீர்ப்பினால் மீளாது. இழப்பு நேருமுன் அதனை உணர்த்துவது கவிஞர், கலைஞர் கடனாகும். தாகூர் அதனை நூறாண்டுக்கு முன்னரே செய்தார். நகரங்களின் வளர்ச்சியைப் பாடும் நம் எழுத்தாளர்களும், கரிகாலனின் காட்டோடு அவன் குளத்தையும் நினைவிற் கொள்ளுதல் நலம்.