ஒருவர் கட்டும் சந்தா, லயமே பார்க்கும் படம்

மாசம் பிறந்தால் எங்கள் போர்டிங் அறையில் ஒரு கூட்டம் நடக்கும். நாலு பேர், ஒரு மடிக்கணினி, மூன்று சந்தாக்கள். காசு எப்பவும் இரண்டுக்குத்தான் காணும். எதை வைப்பது, எதை வெட்டுவது? போன மாசம் ஒருத்தன் தாளெடுத்து, யார் எதை எத்தனை மணித்தியாலம் பார்த்தோம் என்று எழுதினான். கணக்கு நேர்மையாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏதோ இடித்தது. அந்த இடைஞ்சலோடுதான் பழைய கதைக்குள் போனோம்.

கண்டியில் சந்தாவின் கதையை உல்பங்கேயில் தொடங்கலாம். தலதா மாளிகைக்குப் பக்கத்தில், வாவிக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற கட்டடம். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் அரசியர் குளித்த இடம். வெள்ளைக்காரன் அதன்மேல் ஒரு மாடி கட்டி நூலகமாக்கினான். யுனைட்டட் சேர்விஸ் லைப்ரரி என்று பெயர். யாருக்கான புத்தகங்கள் என்பது பெயரிலேயே இருக்கிறது. கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்த எங்கள் ஆட்கள் அந்தப் பெயருக்குள் இல்லை. (இப்போது அங்கே பொலிஸ் இருக்கிறது. நாங்கள் அதைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போவோம்.)

வானொலி வந்தபோது இந்தக் கதை மாறியது. அதிலும் பேராதனைக்கு ஒரு பங்கு உண்டு. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தை டில்லியிலிருந்து பேராதனைப் பூங்காவுக்கு மாற்றினார். அந்தப் படைகளுக்காகக் கொழும்பிலிருந்து ரேடியோ சீயாக் ஒலிபரப்பியது. போர் முடிந்த பிறகு அதன் சக்திவாய்ந்த ஒலிபரப்பிகள் ரேடியோ சிலோனின் கைக்கு வந்தன. 1950இல் வர்த்தக சேவை தொடங்கியது. 1952இல் இந்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒதுக்க, இந்தியாவே இலங்கைப் பக்கம் காதைத் திருப்பியது. பாட்டுக்குக் காசு கட்டியது பினாகா பற்பசை மாதிரியான விளம்பரக்காரர்கள். இங்கே பெட்டி வைத்திருக்க லைசன்ஸ் எடுக்க வேண்டியிருந்தது உண்மைதான். ஆனால் லைசன்ஸ் பெட்டிக்கு, காதுக்கில்லையே! தேத்தண்ணிக் கடையில் ஒரு ரேடியோ இருந்தால் அந்தச் சந்திக்கே பாட்டு.

டிவியும் அப்படித்தான் மலைக்கு வந்தது. 1979 ஏப்ரலில் ஐ.டி.என். தொடங்கியபோது அது கொழும்பு வட்டாரத்தைத் தாண்டவில்லை. 1982 பெப்ரவரியில் ஜப்பானின் உதவியோடு ரூபவாஹினி வந்தது. பிதுருதாலகாலையின் உச்சியில் கோபுரம் எழுந்த பிறகுதான் மலைநாட்டுக்குப் படம் கிடைத்தது. கரண்ட் இல்லாத லயங்களில் கார் பேட்டரியில் கறுப்பு வெள்ளைப் பெட்டி ஓடியதைப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். பெட்டி ஒரு வீட்டுக்காரருடையது. பார்த்தது இருபது வீட்டு ஆட்கள், வாசலில் நின்றவர்களும் சேர்த்து. பிறகு தகரக் கூரைகளில் டிஷ் முளைத்தது. மாசக் காசை ஒருவர் கட்டினார், பார்த்த கூட்டம் மாறவில்லை.

நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரியில் ஒரே நாளில் 130 நாடுகளுக்குள் நுழைந்தபோது இலங்கையும் அதில் இருந்தது. விலை டொலரில். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாசம் 360ஐத் தொட்டது. பத்து டொலர் சந்தா இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரத்து அறுநூறாகிவிட்டது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வேறு இல்லை. அப்போது எதை நிறுத்துவது என்று யாரும் கூட்டம் போட்டு யோசிக்கவில்லை. ரூபாயே முடிவெடுத்துவிட்டது.

2023இல் அதே நிறுவனம் இன்னொன்று சொன்னது. ஒரு கணக்கு ஒரு வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும், பாஸ்வேர்டைப் பகிரக் கூடாது. கம்பெனிக்கு அதில் ஒரு நியாயம் இருக்கலாம். எங்களுக்கு வந்த சந்தேகம் வேறு: பத்துக் காம்பரா ஒட்டி நிற்கிற லயத்தில் ஒரு வீடு எங்கே முடியுது?

இனி எங்கள் தாளுக்கு வருவோம். கணக்குப்படி கடைசியில் நின்ற சந்தாவை வெட்டுவதாக முடிவு செய்திருந்தோம். மாசம் முழுக்க நாலு பேரும் சேர்ந்து மூன்று மணித்தியாலம்கூடப் பார்க்கவில்லை. அன்று ராத்திரி எங்களில் ஒருத்தனின் அம்மா கலஹாவிலிருந்து போன் எடுத்தார். "தம்பி, அந்த தமிழ்ப் படம் வர்றத மட்டும் நிப்பாட்டிறாதீங்க. சனிக்கிழமைன்னா அடுத்த வீட்டு ஆளுங்க எல்லாம் வந்துருவாங்க."

அந்தக் கணக்கு அவர் வீட்டு டிவியிலும் ஓடுவது எங்களுக்குத் தெரியும். எங்கள் தாளுக்குத்தான் தெரியவில்லை. அதில் நாலு பெயர்தான் எழுதியிருந்தோம்.

தாளைக் கிழித்தோம். தினமும் ராத்திரி நாங்கள் ஆளுக்கொரு ஹெட்போனோடு தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்த சந்தாவை நிறுத்தினோம். முதல் கிழமை கொஞ்சம் கஷ்டம்தான். சனிக்கிழமை கலஹாவில் என்ன படம் ஓடுகிறது என்று இப்போது அம்மா போனில் சொல்கிறார், கதையையும் முடிவு வரைக்கும்.