பொன்மணியும் வாடைக்காற்றும்: எழுபதுகளின் இறுதியில் ஈழத்துத் தமிழ்த் திரை

எழுபதுகளில் யாழ்ப்பாண நகரில் வெலிங்டன், ராஜா, ராணி, மனோகரா, வின்சர், றீகல் எனப் பல தியேட்டர்கள் இயங்கின. அவற்றின் திரைகளை எம்.ஜி.ஆரும் சிவாஜியுமே ஆண்டனர். எங்கள் ஊரையும் எங்கள் பேச்சையும் திரையில் காண்பது அரிதாகவே இருந்தது. அந்த அரிதான காட்சியைத் தந்த இரு படங்கள் 1977 இலும் 1978 இலும் வெளிவந்தன. முதலாவது ‘பொன்மணி’, மற்றையது ‘வாடைக்காற்று’.

‘பொன்மணி’யை இயக்கிய தர்மசேன பத்திராஜ சிங்களவர். யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். 1974 இல் ‘அஹஸ் கவ்வ’ மூலம் சிங்களத் திரையில் புதிய பாதை திறந்தவர். ‘பொன்மணி’யின் கதையை எழுதியவர் காவலூர் ராசதுரை. உயர்சாதிக் குடும்பத்துப் பெண் ஒருத்தி கடற்றொழில் செய்யும் சமூகத்து இளைஞனை விரும்புகிறாள். வீட்டில் மூத்தவளுக்குச் சீதனம் தேடும் கவலை. அவர்களின் காதல் சாவில் முடிகிறது. பல்கலைக்கழகத்தையும் இலக்கிய உலகையும் சேர்ந்தவர்கள் பலர் இதில் நடித்தனர். சர்வமங்களம் கைலாசபதி, சித்திரலேகா மௌனகுரு ஆகியோர் அவர்களுள் அடங்குவர்.

படம் ஓடவில்லை. சண்டையும் நகைச்சுவையும் எதிர்பார்த்து வந்தவர்களுக்கு அதன் மெதுவான நடையும் நீண்ட மௌனங்களும் பிடிபடவில்லை. சாதியையும் சீதனத்தையும் பூசி மெழுகாமல் காட்டியதைச் சகிப்பதும் பலருக்குச் சுலபமாக இருந்திராது. ஆனால் பிற்காலத்தில் ஈழத்துத் தமிழ்த் திரையைப் பற்றி எழுதியவர்கள் முதலில் தேடிச் சென்ற படங்களில் ஒன்றாக அது மாறியது.

‘வாடைக்காற்று’ வேறு வகை. செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி பிறேம்நாத் மொறாயஸ் இயக்கினார். வாடைக் காலத்தில் நெடுந்தீவுக்கு வந்து வாடி போடும் மீனவர்களுக்கும் தீவு மக்களுக்கும் இடையே எழும் காதலும் பகையுமே கதை. ஏ.ஈ.மனோகரன், டாக்டர் இந்திரகுமார், கே.எஸ்.பாலச்சந்திரன், ஆனந்தராணி ஆகியோர் நடித்தனர். பாத்திரங்கள் எங்கள் பேச்சு வழக்கில் பேசின. அதனாலேயே இன்றும் மூத்தவர்கள் அதைச் சொந்தப் படமாக நினைவுகூர்கின்றனர்.

அதே 1978 இல் பத்திராஜவின் ‘பம்பரு அவித்’ வெளிவந்தது. அதுவும் வெளியார் வந்து குழப்பும் ஒரு மீனவக் கிராமத்தின் கதைதான். கற்பிட்டிக் கரையையும் நெடுந்தீவுக் கரையையும் இரு மொழிப் படங்கள் ஒரே ஆண்டில் ஒரே கண்கொண்டு பார்த்தன. அந்த நெருக்கம் நீடிக்கவில்லை.

1983 ஜூலை வன்செயலில் ஹெந்தளையில் இருந்த கே.குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது. அங்கிருந்த படச்சுருள்களும் சாம்பலாயின. இயக்குநர் கே.வெங்கட் அந்த நாட்களில் கொல்லப்பட்டார். 1962 இல் ‘சமுதாயம்’ படத்துடன் தொடங்கிய ஒரு சிறிய துறை அத்துடன் முறிந்தது. பின்னர் போர் தியேட்டர்களையும் மூடியது. படம் பார்த்தவர்கள் இடம்பெயர்ந்தார்கள், பலர் புலம்பெயர்ந்தார்கள்.

பாலச்சந்திரன் 2014 இல் கனடாவில் காலமானார். செங்கை ஆழியான் 2016 இல் மறைந்தார். 2018 ஜனவரியில் ஒரு வார இடைவெளிக்குள் மனோகரனும் பத்திராஜவும் விடைபெற்றனர்.

போருக்கு முந்திய எங்கள் தெருக்களும் கடற்கரைகளும் வீட்டு முற்றங்களும் அசையும் படமாக எஞ்சியிருப்பது மிகக் குறைவு. ஆகவே இப்படங்களைக் கலைப்படைப்புகளாக மட்டும் பார்த்தால் போதாது. இவை ஆவணங்களும்கூட. அதிலும் ‘பொன்மணி’ நாம் இழந்த ஊரை மட்டும் காட்டவில்லை. அந்த ஊர் தன் பிள்ளைகளுக்குச் செய்த கொடுமையையும் சேர்த்தே காட்டுகிறது. அழிந்ததை நினைந்து ஏங்கும்போது நாம் மறக்க விரும்புவதும் அதைத்தான். பழைய விளம்பரத் துண்டோ, பாட்டுப் புத்தகமோ, வீடியோ நாடாவோ எவர் வீட்டிலாவது இருந்தால் அதை எறிந்துவிடக் கூடாது. அவற்றைப் பார்த்தவர்களின் நினைவுகளையும் அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும்.